மூளையின் பசியும் இரத்த அழுத்தமும்: கேள்வி பதில்

(பதில் தருபவர்: மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற மருத்துவர்)

கேள்வி: பிரஷருக்கும் மூளையின் சக்திக்கும் என்ன தொடர்பு, ஐயா?

பதில்: உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் நாம் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சேமிப்போ மிகச் சொற்பம், சரியான அன்றாடங்காய்ச்சி. இரத்த ஓட்டம் முழுதாக நின்றால் பத்து வினாடிகளில் நினைவு தப்பும். அதனால்தான் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும், மூளைத் தமனிகள் தாமே சுருங்கி விரிந்து ஓட்டத்தைச் சீராக வைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் பிரஷர் இருந்தால் சிறு தமனிகளின் சுவர் தடித்துவிடும். வேலை செய்யும் பகுதி கூடுதல் குளுக்கோஸ் கேட்கும்போது தமனி விரிந்துகொடுக்கத் தயங்கும். மூளையின் ஆழத்தில் நரம்பிழைகள் நிறைந்த வெண்பகுதிக்குத்தான் முதல் அடி. அங்கே போகும் குழாய்கள் மெல்லியவை, நீண்டவை, மாற்றுவழி அற்றவை.

கேள்வி: 160/100 இருக்கிறது. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை. மாத்திரை தேவையா?

பதில்: தலைவலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். தொடங்கிய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மூளைக்குச் சக்தி வர குளுக்கோஸ் பொடி கரைத்துக் குடிக்கலாமா?

பதில்: சரக்கு ஏராளமாக இருக்கிறது, வண்டிதான் பழுது. வேண்டாம்.

கேள்வி: மூளைக்கு இரத்தம் போதாமல்தான் உடலே பிரஷரை ஏற்றுகிறது என்கிறார்களே? பிறகு ஏன் குறைக்க வேண்டும்?

பதில்: இப்படிக் கேளுங்கள்! மண்டைக்குள் அழுத்தம் கூடினால் இரத்த அழுத்தமும் ஏறி மூளையைக் காக்க முயல்வதை அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1901இலேயே காட்டினார். கழுத்தின் பின்புறமாக மூளைக்கு ஏறும் தமனிகள் குறுகியிருப்பது உயர் அழுத்தக்காரர்களிடம் அதிகம் என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். எல்லோருக்கும் அதுதான் காரணம் என்று நான் ஒப்பமாட்டேன்.

கேள்வி (அதே வாசகர்): அப்படியென்றால் குறைப்பது மூளையைப் பட்டினி போடுவதுதானே?

பதில்: 2019இல் வெளிவந்த ஸ்பிரிண்ட் மைண்ட் என்ற அமெரிக்க இரத்த அழுத்த ஆய்வின் முடிவுகளைப் பாருங்கள். மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில், 140 இலக்குக் குழுவைவிட லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவு. மறதிநோயில் மட்டும் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை.

கேள்வி (மீண்டும் அவரே): ஒரே நாளில் குறைத்தால்?

பதில்: அங்கே நீங்கள் சொல்வது சரி. நான் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது 220 அழுத்தத்தோடு ஒரு பெரியவர் வந்தார். அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும் நிபெடிபின் என்ற மருந்துக் குளிகையை ஊசியால் குத்தி நாக்கின்கீழ் பிழிந்தார்கள். அன்று அதுதான் வழக்கம். அரைமணியில் 110. எல்லோருக்கும் நிம்மதி. தண்ணீர் கேட்டார்; தம்ளரை நீட்டினேன்; அவருடைய வலக்கை எழவில்லை. உயர்ந்த அளவுக்கே பழகிய தமனிகளுக்கு 110 என்பது பஞ்சம். வாரக்கணக்கில் இறக்க வேண்டியதை அரைமணியில் இறக்கினோம்.

கேள்வி: எனக்கும் தலைவலி இல்லை. 170...

பதில்: இரண்டாம் கேள்வி. தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: கிரியாட்டினின் 1.8. என்ன செய்யலாம்?

பதில்: சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மாத்திரை தீர்ந்துவிட்டது. இரண்டு நாள் விடலாமா?

பதில்: கடை திறந்திருக்கும். போய் வாங்கி வாருங்கள், பிறகு பேசலாம்.