அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸைப் பற்றிய 'ரேஸ்' என்ற ஆங்கிலப் படத்தில் வருவதுபோல ஜெயித்த பிறகுமா ஒதுக்குவார்கள்? திறமை இருந்தால் பாகுபாடு தானாகப் போய்விடாதா?

போகாது. உங்கள் வீட்டில் ஓடுகிற பிள்ளை யாரோ இருக்கிறது, அதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜெஸ்ஸி ஓவன்ஸ் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கினார். ஊர் திரும்பியதும் அவரைப் பாராட்ட நியூயார்க் ஹோட்டலில் வைத்த விருந்துக்கே சரக்கு லிஃப்டில்தான் போக வேண்டியிருந்தது. படத்தில் அவரைப் பின்வாசல் வழியாகப் போகச் சொல்வது கற்பனை இல்லை. ஆனால் என்னை அதிகம் சுட்டது வேறு. கறுப்பர்களுக்குக் கால் எலும்பே வேறு, அதனால்தான் ஓடுகிறார்கள் என்று அப்போது பேசினார்கள். மாண்டேக் காப் என்ற கறுப்பினப் பேராசிரியர், உடற்கூறியல் படித்தவர், ஓவன்ஸின் காலையே அளந்து பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் கிடையாது என்று அதே வருடம் எழுதினார்.

இது ஏன் சுட்டது என்றால், நான் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்காரன், பழங்குடி. சேலம் காந்தி ஸ்டேடியத்தில் மாவட்டப் போட்டியில் 800 மீட்டரில் முதலாவதாக வந்தேன். கோப்பையைக் கொடுத்த பெரியவர் மைக்கிலேயே, "மலை ஏறி இறங்குற பையன், இவனுக்கு இதெல்லாம் சும்மா" என்றார். கூட்டம் கை தட்டியது. அடுத்து வந்த டவுன் பையனுக்கு மட்டும் "கடுமையான உழைப்பாளி" என்று பாராட்டு. விடியற்காலையில் எங்கள் பி.டி. சார் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடி, குடித்த ராகிக் கூழ் அப்படியே வாந்தியாக வந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் காணாமல் போனது.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், நுரையீரலுக்கு நல்லதுதானே என்று யாராவது வருவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து நான் இருந்தது சேலத்து விடுதியில், அடிவாரத்து வெயிலில். அமெரிக்கக் கறுப்பர்கள் பட்டதும் நான் பட்டதும் ஒன்று என்றும் சொல்லவில்லை. அவர்களைக் கட்டி வைத்துக் கொன்றிருக்கிறார்கள், எனக்கு நடந்தது ஒரு பேச்சு. இருந்தாலும் அந்தப் பேச்சின் வேர் ஒன்றுதான்: உன் உழைப்பு உன்னுடையது இல்லை, உன் பிறப்பு கொடுத்தது.

    

சரி, படத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் காப் எழுதியதையும் சொல்லுங்கள். நாளைக்குப் பிள்ளை ஜெயித்து வரும்போது "உனக்கென்ன, பிறவியிலேயே வரும்" என்று யாராவது சொன்னால், எத்தனை மணிக்கு எழுந்து ஓடினேன் என்று அது வாய் திறந்து சொல்ல வேண்டும்.