கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரை மட்டும்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 58. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்குக் காலையும் இரவும் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நெஞ்செரிச்சலுக்குப் பாண்டோபிரசோலும் உண்டு. சுத்த சைவம். சர்க்கரை கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று போவதுகூடத் தெரிவதில்லை. மருந்துக்கடையில் துத்தநாகம், குரோமியம் எல்லாம் கலந்த சத்து மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிடலாமா?

– வாசகி, கும்பகோணம்

பதில்: சத்து மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டாலும், பி12 குறைந்தாலும் பாதம் ஒரே மாதிரிதான் மரத்துப்போகும் என்பதால், பழியைச் சர்க்கரையின் மேல் போட்டுவிட்டு இதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

உங்களுக்குக் குறைபாடு வர மூன்று வழிகள் இருக்கின்றன. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை மெட்ஃபார்மின் தடுக்கிறது. மாத்திரையின் அளவும் சாப்பிடும் ஆண்டுகளும் கூடக் கூட இந்தக் குறைபாட்டுக்கான வாய்ப்பும் கூடும். உணவிலிருந்து பி12 பிரிந்து வருவதற்கு வேண்டிய அமிலத்தைப் பாண்டோபிரசோல் குறைக்கிறது. சைவ உணவில் பாலும் தயிரும் தவிர இச்சத்துக்கு வேறு வழி அதிகமில்லை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. இரத்தசோகை வராமலேயே நரம்பு கெடலாம்.

பொதுவாக இரத்தத்தில் பி12 ஒரு மில்லிலிட்டரில் 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று கொள்வார்கள்; 200-க்கும் 300-க்கும் இடைப்பட்டால் குறைபாட்டை உறுதிசெய்ய மீத்தைல்மலோனிக் அமிலப் பரிசோதனை (பி12 குறைந்தால் உடலில் கூடும் ஒரு பொருளை அளப்பது) தேவைப்படலாம். பி12 கலந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் பரிசோதித்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால்தான் முதலில் பரிசோதனை என்கிறேன். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை (இன்னொரு பி வைட்டமின்) மட்டும் எடுத்துக்கொண்டால் இரத்தசோகை சரியாகிவிட்டதுபோல் தோன்றும். நரம்புச் சேதமோ உள்ளே தொடரும்.

குறைபாடு உறுதியானால் ஊசியா, மாத்திரையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது நல்ல மருந்துதான். குரோமியமும் துத்தநாகமும், குறைபாடு இல்லாதவருக்குச் சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்ப போதிய சான்று இல்லை. அந்தப் பணத்தைப் பரிசோதனைக்குச் செலவிடலாம்.

மரத்துப்போன பாதத்துக்குச் சூடு உறைக்காது. ஆகவே கோயிலுக்குப் போனால் உச்சி வெயிலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றாதீர்கள். காலையில் போய் வாருங்கள். இரவில் படுக்கும் முன் பாதத்தின் அடிப்பகுதியையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.