சட்டையில் மாட்டும் கேமரா: கேள்வி பதில்

தேவகோட்டை: அரை நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் கேமராவை மாட்டியிருக்கிறேன், அண்ணே. பெட்டகச் சாவியை எங்கே வைத்தேன் என்று அந்தப் படங்களில் தேட முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் ‘சாவி’ என்று தட்டினால் கிடைக்காது. சின்னப் பொருள், இருட்டு அறை, பாதியைக் கையே மறைத்திருக்கும். சாவி கையில் இருந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்களோ அதைத் தேடுங்கள். 2021-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கிளிப் (CLIP) என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள், படத்தையும் வாக்கியத்தையும் எண்களாக்கி எதற்கு எது நெருக்கம் என்று பார்க்கிறது. ‘மர அலமாரி முன்னால் நிற்பது’ என்பது போல முழுக் காட்சியாகக் கேட்டால் நன்றாகத் தேடும். பெரும்பாலும் ஆங்கிலம் படித்து வளர்ந்தது என்பதால் ஆங்கிலத்தில் கேளுங்கள்.

அதற்கு முன்னால் வலையைச் சுருக்க வேண்டும். ஒரு நாளைக்கே இரண்டாயிரம் படம் வரை சேரும். ஜிபிஎஸ், முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் நம் வீட்டுக்குள் அவ்வளவாக உதவாது. வெளிச்சம் உதவும். மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் உருவான சென்ஸ்கேம் என்ற மாட்டும் கேமரா, வெளிச்சம் சட்டென்று மாறினால் தானே ஒரு படம் எடுத்துவிடும். வளவு முற்றத்திலிருந்து அறைக்குள் போன கணம் அப்படித்தான் பிடிபடும். பட்டாலையில் உட்கார்ந்து பேசிய நேரத்துப் படங்களை எல்லாம் ஒரே நிகழ்வாக மடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

புதுவயல்: எந்தக் கேமரா வாங்கலாம்?

கடை விசாரணை நமக்கு வேண்டாம். படங்கள் சாதாரணக் கோப்பாக உங்கள் கணினிக்கு வருமா என்று மட்டும் கேளுங்கள். கடிகாரத்தையும் பாருங்கள்.

பள்ளத்தூர்: காலைப் பலகாரம் சாப்பிட்ட படத்தில் நேரம் நடுராத்திரி மூன்று மணி என்று இருக்கிறது!

ஐந்தரை மணி நேர வித்தியாசம். கேமரா உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இதைத்தானே சொல்லிக்கொண்டே இருக்கிறேன்?

காரைக்குடி, கல்லூரி மாணவர்: ஆராய்ச்சிக்குப் படத்தொகுப்பு கிடைக்குமா, சார்?

இப்படி அன்றாடம் பதிவான படங்களில் தேடுவதற்கென்றே, லைஃப்லாக் சர்ச் சேலஞ்ச் என்று 2018 முதல் ஒரு போட்டி நடக்கிறது. அதன் தொகுப்பை விண்ணப்பித்து வாங்கலாம். முகங்களை மங்கலாக்கித்தான் தருவார்கள்.

கானாடுகாத்தான்: முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் கூடியபோது மாட்டிக்கொண்டு போனேன். சித்தப்பா கழற்றச் சொல்லிவிட்டார். கல்யாணத்தில் வீடியோக்காரர் எடுக்கவில்லையா?

வீடியோக்காரர் வருவது எல்லாருக்கும் தெரியும். முந்தானையைச் சரிசெய்துகொள்ள நேரம் இருக்கும். உங்கள் கேமரா சொல்லாமல் எடுக்கிறது. அடுப்படியில் வேர்த்து நிற்கும் சித்தியும் அதில் விழுவார். யார் யாரோடு பேசினார்கள், யார் வரவில்லை என்பதைப் பத்து வருடம் கழித்தும் நொடியில் எடுத்துவிடலாம். சித்தப்பா பயந்தது அதற்குத்தான்.

கோட்டையூர்: இப்போதுதான் தனிநபர் தரவுக்குச் சட்டம் வந்துவிட்டதே, அண்ணே?

2023-இல் வந்த அந்தச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொள்வதைத் தொடாது. பங்காளி எடுத்த படத்திலிருந்து சித்தியை அது காக்காது. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்.

கானாடுகாத்தான்: மறதி வந்த அப்பத்தாவுக்காகத்தான் எடுத்தேன். அதுவும் தப்பா?

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கேம்பிரிட்ஜின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில், மூளை அழற்சியால் நினைவு இழந்த ஒரு பெண்ணுக்கு சென்ஸ்கேம் கொடுத்துப் பார்த்தார்கள். எழுதிய நாட்குறிப்பைப் படித்ததைவிட, படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில்தான் அவருக்கு அதிகம் நினைவு நின்றது. ஆனால் அங்கே கேமராவை மாட்டியிருந்தது அவரேதான். அப்பத்தாவின் கண்மட்டத்தில் பார்த்தது வேண்டும், நீங்கள் பார்த்தது அல்ல. அவருக்கு மாட்டுங்கள், சித்தப்பாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அடுப்படிப் பக்கம் போனால் மூடிவிடுங்கள். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதற்குத் தேடும் மென்பொருளே வேண்டாம்.

கண்டனூர்: மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று...

தேவகோட்டைத் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். கடிகாரம்!