ஆனைக்கட்டியில் ஷூட்டிங்: படிவத்தை நிரப்பும் முன் பட்ஜெட் ஷீட்டைத் திறங்கள்

கேள்வி: ஓடிடி தளம் ஒன்றுக்காக ஆறு எபிசோட் வெப் சீரிஸ் எடுக்கிறோம். ஆனைக்கட்டி, சோலையூர், அகளி பக்கம் 28 நாள் ஷூட்டிங். கதையில் ஓர் இருளர் குடும்பம் முக்கியம். அந்த வீட்டு மகளாகச் சென்னையிலிருந்து முகம் தெரிந்த நடிகையைக் கொண்டுவந்து டல் மேக்கப் போட்டு நிறத்தைக் கறுப்பாக்கிக்கொள்ளலாம் என்கிறார் இயக்குநர். இதற்கிடையில் தளத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. திரையிலும் யூனிட்டிலும் எந்தெந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். எப்படி நிரப்புவது? சின்ன பட்ஜெட்டில், கண்துடைப்பாக இல்லாமல் உருப்படியாக என்ன செய்ய முடியும்? (இணை இயக்குநர், கோவை)

பதில்: படிவம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆஸ்கர் நடிப்புப் பிரிவுகளின் இருபது பரிந்துரைகளும் 2015, 2016 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வெள்ளையருக்கே போயின. அதற்கு எழுந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாகத்தான் ஆஸ்கர் அகாடமி 2020இல் விதிகளை அறிவித்தது. 2024 விருதுகள் முதல், சிறந்த படத்துக்குப் போட்டியிட நான்கு தலைப்புகளில் இரண்டையாவது நிறைவு செய்ய வேண்டும்: திரையில் யார், படைப்புத் தலைமையிலும் யூனிட்டிலும் யார், சம்பளத்துடன் பயிற்சி யாருக்கு, விளம்பர வேலையில் யார். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2016 முதலே இப்படி ஒன்றை வைத்திருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பதும் பெரும்பாலும் இந்த அச்சில் வார்த்ததாகவே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே முக்கியமான கணக்கு இனம். அந்தக் கணக்குப்படி உங்கள் யூனிட்டில் லைட்மேன் முதல் தயாரிப்பாளர் வரை அத்தனை பேரும் ஆசியர்கள். ஒரு துரும்பையும் அசைக்காமல் நூற்றுக்கு நூறு வாங்கிவிடலாம். நம் ஊரில் வாய்ப்பை அடைப்பது சாதி, பழங்குடி அடையாளம், நிறம், மொழி. ஆகவே படிவத்தின் நான்கு தலைப்புகளையும் வைத்துக்கொண்டு, 'இனம்' என்று இருக்கும் இடத்தில் இந்த நான்கையும் போட்டுப் பாருங்கள். அப்போதுதான் காலி இடங்கள் தெரியும்.

முதல் வேலை, ஸ்கிரிப்ட் லாக் ஆகும் முன்பு, ஒரு வரியாவது பேசும் எல்லாப் பாத்திரங்களையும் எழுதி வைப்பது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டேசி ஸ்மித் சொல்லும் கணக்கு இங்கே உதவும்: ஒரு படத்தில் பேசும் பாத்திரங்கள் சுமார் 40, கதையைச் சுமப்பவை எட்டு, பத்துதான். மீதி முப்பதை, கதை நடக்கும் ஊரில் யார் இருக்கிறார்களோ அவர்களைக் கொண்டு நிரப்பினால் கதைக்கு ஒரு சேதமும் இல்லை. உங்கள் பட்டியலில் டீக்கடைக்காரர், நர்ஸ், கண்டக்டர், வில்லேஜ் ஆபீசர், டீச்சர், ஸ்டேஷன் ரைட்டர் இருப்பார்கள். இவர்கள் எல்லோரும் வெளியூர் முகம், இருளர் மட்டும் கூலிக்காரராகவோ சாமியாடியாகவோ வருகிறார் என்றால், தவறு காஸ்டிங்கில் இல்லை, எழுத்திலேயே இருக்கிறது. அகளியும் சோலையூரும் இருக்கும் கேரளத்தின் அட்டப்பாடியில் பழங்குடி டீச்சரும் நர்ஸும் போலீஸ்காரரும் நிஜத்தில் இருக்கிறார்கள். நாலு பாத்திரத்தை மாற்றி எழுத ஒரு மத்தியானம் போதும். இன்னொன்று: அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் என மூன்று சமூகங்கள், மூவருக்கும் பேச்சு வேறு, வழக்கம் வேறு. மூன்றையும் கலக்கி 'ஆதிவாசி' என்று ஒரு கூட்டை வைத்தால் முதல் எபிசோடிலேயே ஊர்க்காரர்கள் சிரித்துவிடுவார்கள்.

டல் மேக்கப் விஷயத்துக்கு வருவோம். வேண்டாம். நியாயத்தைப் பிறகு பேசலாம், தொழில்கணக்கிலேயே அது நஷ்டம். முகம், கழுத்து, காது மடல், கை, பாதம் எல்லாம் ஒரே நிறத்துக்கு வரத் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அகளி வெயிலில் வியர்த்ததும் நெற்றியும் மேலுதடும் முதலில் வெளுக்கும். உள்ளங்கையும் நகக்கண்ணும் எப்படியும் காட்டிக்கொடுக்கும். கண்டினியூட்டி தப்பும், எடுத்த பிறகு நிறம் சரிசெய்யும் டிஐயில் ஃபிரேம் ஃபிரேமாக அந்த இடத்தை மட்டும் பிரித்து (மாஸ்க்) திருத்த வேண்டிவரும். பக்கத்தில் அம்மாவாக நிஜ இருளர் பெண்மணி உட்கார்ந்தால் எல்லாம் அம்பலம். நியாயம் என்று பார்த்தால், அந்த நிறத்தோடு பிறந்தவருக்கு வேலை இல்லை, அந்த நிறத்தைப் பூசிக்கொண்டவருக்குச் சம்பளம் என்பதை எந்தப் படிவத்தாலும் மறைக்க முடியாது. வியாபாரத்துக்கு முகம் தெரிந்த நடிகை வேண்டுமென்றால், அவருக்குப் பொருந்தும் வேடத்தைப் பெரிதாக்குங்கள். டாக்டரோ ரேஞ்சரோ ஆகட்டும். வீட்டு மகளை அங்கேயே தேடுங்கள்.

தேடுவதற்கு ஏஜென்ட் வேண்டாம். பழங்குடி ஊருக்குள் நுழைய, அகளியில் உள்ள பழங்குடியினர் வளர்ச்சித் திட்ட (ஐடிடிபி) அலுவலகத்தில் எழுத்து அனுமதி முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி தனி. காகிதம் கையில் வந்ததும் நேரே கேமராவோடு போகாதீர்கள். ஊர்த் தலைவரான மூப்பனைப் பார்த்து, ஊர்க்கூட்டத்தில் கதையைச் சொல்லுங்கள். வண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்று ஊருக்குள் பொறுப்பு பிரிந்திருக்கும். மூப்பன் ஒருவர் தலையாட்டியது ஊர் சம்மதித்தது ஆகாது. ஆடிஷனில் பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் நல்ல நடிகரை இழப்பீர்கள். ஒரு சூழ்நிலையைச் சொல்லிப் பேச விடுங்கள். தேர்ந்தவர்களுக்கு ஐந்து நாளாவது பட்டறை; கேமரா முதல் நாளிலிருந்தே அறையில் நிற்கட்டும், பழகிவிடும். ஆடிஷன் நாளுக்கும் பட்டறை நாளுக்கும் கூலி உண்டு. வேலைக்குப் போகாமல் உங்களுக்காக வருகிறார் என்பதை மறந்துவிடுவது யூனிட்டுகளின் வழக்கமான பிழை.

பிள்ளைகள் நடிக்கிறார்களா? கொடுங்கரைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் கோவை மாவட்டம், அந்தப் பக்கம் பாலக்காடு. குழந்தை நடிப்புக்கான அனுமதி, ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தின் கலெக்டரிடம் வாங்க வேண்டியது. பாலத்தின் இரு பக்கமும் எடுத்தால் இரண்டு அனுமதி. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். உங்கள் ஷெட்யூல் 28 நாள் என்பதைக் கவனியுங்கள்.

மொழியில் யூனிட்டுகள் செய்யும் குற்றம், கொச்சைத் தமிழையும் மலையாளத்தையும் கலந்து ஒரு 'காட்டுப் பாஷை' தயாரிப்பது. இருள மொழிக்குச் சொந்த இலக்கணம் உண்டு. வசனத்தைத் தமிழில் எழுதிவிட்டு, மொழி தெரிந்த ஊர்க்காரர் இருவரிடம் கொடுங்கள். ஒருவர் வயதானவர், ஒருவர் இளையவர். ஏனென்றால் பேச்சு தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கும். கூடியவரை சிங்க் சவுண்ட், அதாவது நடிக்கும்போதே குரலைப் பதிவுசெய்வது. டப்பிங்தான் என்றால் நடித்தவரே பேசட்டும், கோவையில் மூன்று நாள் ஸ்டூடியோ ஒதுக்குங்கள். சென்னைக் குரல் போட்டால் ஆளைக் கொண்டுவந்து ஆளையே அழித்ததாகும்.

இனி வெளிச்சம். நல்ல எண்ணத்தோடு எடுத்த படங்களும் இங்கேதான் சறுக்குகின்றன. கேமராவுக்கு நிறப் பாகுபாடு உண்டா என்று கேட்கலாம். பல பத்தாண்டுகள் புகைப்பட லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்; தொழிலில் அதற்கு 'ஷர்லி கார்டு' என்றே பெயர். அந்தப் பழக்கம் இன்றும் கையில் ஒட்டியிருக்கிறது. வெளுத்த முகத்துக்கு லைட் வைத்துவிட்டு, கறுத்த முகத்தை அப்படியே பக்கத்தில் நிறுத்துகிறோம். கண் பள்ளமாகிறது, முகம் சாம்பல் பூத்துப்போகிறது, 'அவர் நிறம் அப்படி' என்கிறோம்.

கைக்கணக்கு இது. மானிட்டரில் வெளிச்ச அளவைக் காட்டும் ஐஆர்இ கணக்கில் வெளுத்த முகம் 60 முதல் 70க்குள் நிற்கும். கறுத்த முகத்துக்கு 35 முதல் 50 சரி. அதை 60க்கு ஏற்ற முயன்றால் தோல் வெளிறி உயிர் போய்விடும். கறுத்த தோல் தன் வடிவத்தைப் பளபளப்பின் மூலம் காட்டும். அதனால் லைட்டின் சக்தியைக் கூட்டுவதைவிடப் பரப்பைக் கூட்டுங்கள். நாலுக்கு நாலு தெர்மாகோல் இரண்டை ஒட்டிப் பக்கவாட்டிலிருந்து பவுன்ஸ் கொடுத்தால், கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் நீளமான மென்வெளிச்சம் விழும். பின்னாலிருந்து மெல்லிய எட்ஜ் லைட் இல்லாவிட்டால் கறுத்த முடி இருட்டுக் குடிசையோடு கலந்துவிடும். முகத்துக்குக் குளோசப் வைக்கும்போது, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றுங்கள். இலைப் பச்சைக்காக மாட்டியது தோலின் பளபளப்பையும் சேர்த்துத் தின்றுவிடும். மலிவு எல்இடி பச்சை அடிக்கும். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான சிஆர்ஐ அளவு 95க்குக் குறைந்ததை முகத்துக்கு வைக்காதீர்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி இரண்டும் எக்ஸ்போஷரைக் கீழே இழுக்கும். சுவரை மண் நிறமாக்குங்கள், வேட்டியை டீத்தண்ணீரில் முக்கி எடுங்கள். இரண்டு நிறத்தவர் ஒரே ஃபிரேமில் என்றால், கறுத்தவரை முதன்மை லைட்டான கீ லைட்டுக்கு அருகில் நிறுத்தி, வெளுத்தவர் பக்கம் வலை (நெட்) போட்டு வெளிச்சத்தை வெட்டுங்கள். வழக்கத்துக்கு நேர்மாறு இது. உங்கள் நடிகை கொஞ்சம் முகம் சுளிக்கக்கூடும்.

மேக்கப்பில் வெள்ளைப் பவுடர் கூடவே கூடாது, சாம்பல் நிறம் அங்கிருந்துதான் வருகிறது. எண்ணெயை ஒற்றுத்தாளால் எடுத்து, மெல்லிய மாய்ஸ்சரைசர் போதும். ஃபவுண்டேஷன் வேண்டுமென்றால் செம்பொன் சாயல் உள்ளது. காஸ்டிங் முடிந்ததும் ஒரு நாள் லுக் டெஸ்ட் ஒதுக்குங்கள். காலை, உச்சி, குடிசைக்குள், இரவு என நான்கு நிலையிலும் எடுத்து டிஐக்காரருக்கு ரெஃபரன்ஸாக அனுப்பி, 'தோல் நிறத்தை ஏற்றக்கூடாது' என்று எழுத்தில் கொடுங்கள். போஸ்டர் டிசைனருக்கும் அதே வரி. கடைசி நேரத்தில் முகத்தை வெளுப்பது பெரும்பாலும் அவர்தான்.

பணம். ஏஜென்ட் கையில் மொத்தமாகக் கொடுத்தால் ஆள் கையில் போய்ச் சேருவது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. மலையாளத் திரையுலகம் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளின் கூலியில் இடைத்தரகர் கைவைப்பதும், கழிப்பறைகூட இல்லாததும் அதில் பதிவாகியிருந்தன. வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடுங்கள். வரி பிடித்தம் வரும் தொகையானால், பான் எண் இல்லாதவரிடம் 20 சதவீதம் பிடிக்க நேரும். ஷூட்டிங்குக்கு ஒரு மாதம் முன்பே மேனேஜர் கூட இருந்து பான் எடுத்துக் கொடுக்கட்டும். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டுங்கள்.

பாட்டுக்குத் தனி ஒப்பந்தம். அட்டப்பாடியின் நஞ்சியம்மாவுக்கு 68ஆவது தேசியத் திரைப்பட விருதில் சிறந்த பின்னணிப் பாடகி விருது கிடைத்தது. அவர் பாடியது தம் மொழியில், தாமே கட்டிய வரிகளை. இப்படி ஒருவர் கட்டிப் பாடினால் டைட்டிலில் 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டுக் கடந்துவிடக் கூடாது, எழுதியவர், பாடியவர் என்று பெயர் வர வேண்டும். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி பாடலாசிரியரின் ராயல்டி பங்கை நீங்கள் எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது. ஊர் முழுக்கப் பாடும் பழைய பாட்டு என்றால் ஊருக்கு ஒரு தொகை, ஊரின் பெயரோடு நன்றி. பொறை, தவில், கொகல் வாசிப்பவர்களுக்கு வாத்தியக்காரர் சம்பளம் கொடுங்கள், கூட்டத்தில் நிற்பவர் பேட்டா அல்ல.

யூனிட்டில் வேலை கற்றுக்கொள்ள உள்ளூரிலிருந்து பயிற்சியாளர் ஐந்து பேர்: கேமரா, சவுண்ட், ஆர்ட், காஸ்ட்யூம், டைரக்‌ஷன். உள்ளூர்க்காரர் என்றதும் சமையலிலும் பாத்திரம் கழுவுவதிலும் போட்டுவிடும் வழக்கத்தை இங்கே உடைக்க வேண்டும். யூனியன் கார்டு இல்லாதவர் கருவியைத் தொடக்கூடாது என்று ஆட்சேபம் வரும். பயிற்சியாளர் என்று முன்கூட்டியே சங்கத்துக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள். தேறுபவருக்கு அடுத்த கதவும் இருக்கிறது: கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களின் படங்களுக்கு 1.5 கோடி ரூபாய் வரை தருகிறது. 'முதலில் பயிற்சி கொடுத்துவிட்டுப் பணம் கொடுங்கள்' என்று இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் சொல்லப்போய் 2025இல் ஒரு பெரிய சர்ச்சையே நடந்தது. முதல் படம் எடுக்கும் மற்றவர்களிடம் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

செலவு? ஸ்கிரிப்ட் படித்துக் கருத்துச் சொல்ல ஊரிலிருந்து இருவர், நான்கு நாள்: 8 ஆள்நாள் (ஒருவர் ஒரு நாள் வேலை செய்தால் ஓர் ஆள்நாள்). மொழிப் பயிற்றுநர் பட்டறைக்கும் வசனத்துக்கும் 10, ஷூட்டிங் 28, டப்பிங் 3: 41. பயிற்சியாளர் ஐவருக்கு 140. மொத்தம் 189. எண்பது பேர் யூனிட் 28 நாள் என்றால் 2,240 ஆள்நாள். அதில் இது சுமார் எட்டரை சதவீதம், பணத்தில் அதைவிடக் கம்மி. டல் மேக்கப் ஆளும் டிஐ மாஸ்க்கும் மிச்சமாவதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

செட்டில் வாக்கிடாக்கியில் 'ட்ரைப்ஸை அனுப்பு' என்று கூப்பிடுவது நிற்க வேண்டும். கால்ஷீட்டில் பெயர் இருக்கட்டும், பெரியவர்களை 'வாங்க' என்றே அழைக்கட்டும். சாதியைச் சொல்லிப் பொதுவில் இழிவுபடுத்துவது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஷூட்டிங் அவசரம் அதற்குச் சமாதானம் ஆகாது. தயாரிப்பு யூனிட்டில் பாலியல் தொல்லைகளை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் சொல்லிவிட்டது. குழுவின் எண்ணைத் தமிழிலும் மலையாளத்திலும் சாப்பாட்டுப் பந்தலில் ஒட்டுங்கள்.

ரிலீஸுக்குப் பிறகும் பொறுப்பு இருக்கிறது. மலையாள சினிமாவின் முதல் நாயகி பி.கே. ரோசி தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் தாக்கப்பட்டு, ஊரைவிட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் ஓடி, நாகர்கோவிலில் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். இன்று கல்லுக்குப் பதில் கமெண்ட் விழுகிறது. டிரெய்லர் வரும் முன் ஊரில் திரையிட்டுக் காட்டுங்கள். வசவுகளை நீக்கவும் தேவைப்பட்டால் புகார் கொடுக்கவும் தயாரிப்பில் ஒருவரை ஆறு மாதத்துக்கு நியமியுங்கள்.

கடைசியாகப் படிவம். ஆளிடம் சாதிச் சான்றிதழ் கேட்காதீர்கள். விரும்பினால் மட்டும் சொல்லும்படி, பெயர் இல்லாத சீட்டில் எழுதி வாங்கி எண்ணிக்கையை மட்டும் நிரப்புங்கள். தளம் கொடுத்த கட்டங்களில் சாதிக்கோ பழங்குடிக்கோ இடம் இல்லையென்றால், 'ஆசியர்' என்பதில் டிக் அடித்துவிட்டு நகராமல், தனித் தாளில் இருளர் எத்தனை பேர், எந்த வேலையில், எத்தனை நாள், என்ன சம்பளம் என்று எழுதி இணைத்து அனுப்புங்கள்.