அலகு இல்லாத நம்பரை எனக்கு அனுப்பாதீங்க

சுற்றுச்சூழல் தகவல் பத்தி இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதி ஒரே ரகம். ஒரு ஸ்க்ரீன்ஷாட், அதுல ஒரு நம்பர், கீழ "இது சரியா சார்?"னு ஒரு வரி. எந்த இடம், என்னைக்கு எடுத்தது, என்ன அலகு, எப்படி அளந்தாங்க, ஒண்ணும் கிடையாது. அதையெல்லாம் ஓரங்கட்டிட்டு மிச்சத்துக்கு பதில் சொல்றேன்.

கே: ஒரே நேரத்துல ரெண்டு ஆப்ல பாத்தேன். காத்துத் தரம் ஒண்ணுல 100, இன்னொண்ணுல 150க்கு மேல. எது பொய்?

ரெண்டும் பொய் இல்ல. ஆப் காட்டற அந்த காத்துத் தரக் குறியீட்டெண் அளவே கிடையாது, ஒவ்வொரு நாடும் தன் பாட்டுக்கு போட்டுக்கற மார்க். பிஎம் 2.5, அதாவது காத்துல மிதக்கற நுண் தூசி, ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தா இந்தியக் கணக்குல 100, அமெரிக்கக் கணக்குல 150ஐ தாண்டிடும். மைக்ரோகிராம் எவ்வளவுன்னு பாருங்க, அது ஒரு மணி நேர ரீடிங்கா 24 மணி நேர சராசரியான்னும் பாருங்க. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன வரம்பு வருஷ சராசரிக்கு 5, ஒரு நாளைக்கு 15. காலைல எட்டு மணி ரீடிங்கை எடுத்து வருஷ அளவோட வகுத்து "12 மடங்கு"ன்னு கூவறவங்களுக்கு நான் என்னத்த சொல்ல.

கே: அரிய பறவை கூடு கட்டற இடத்தை மேப்ல கலைச்சு காட்டறாங்க. மக்கள்கிட்ட மறைக்கலாமா?

முட்டை திருடறவனும் மக்கள்ல ஒருத்தன்தான். பாத்த உயிரினத்தை பொதுமக்களே பதியற ஐநேச்சுரலிஸ்ட் தளத்துலயே ஆபத்துல இருக்கற இனம்னா சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள்ள எங்கேயோன்னுதான் காட்டும். துல்லியமான புள்ளி முடிவெடுக்கறவங்க கையில இருந்தா போதும்.

கே: ஆத்துத் தண்ணி ரிப்போர்ட்டை இறக்கி எக்செல்ல ஏத்தினேன், சராசரி கன்னாபின்னான்னு வருது. நான் ஏதாவது தப்பு பண்றேனா?

நீங்களும் பண்ணிருப்பீங்க, அவங்களும் பண்ணிருப்பாங்க. முதல்ல அவங்க கதை. ஒரு ஆஃபீஸ்ல நான் கண்ணால பாத்தது இது. டேபிள் எக்செல்ல அழகா இருக்கு. அதை பிரிண்ட் போட்டு, கையெழுத்து வாங்கி, சீல் குத்தி, கோணலா ஸ்கேன் பண்ணி, பிடிஎஃப்னு வெப்சைட்ல ஏத்தறாங்க. அந்த எக்செல்லையே குடுங்கன்னு கேட்டா "அதான் பப்ளிக்கா போட்டாச்சே சார்"ங்கறாங்க. நாங்க ரெண்டு பேர் மூணு நாள் உக்காந்து திரும்ப டைப் அடிச்சோம், அதுல அம்மோனியா வரிசைல ஒரு இடத்துல சீல் மை சரியா தசமப் புள்ளி மேல விழுந்திருக்கு, 0.4ஆ 04ஆன்னு கண்ணாடிய போட்டு கழட்டி ஒரு மணி நேரம் போச்சு. இதுக்குப் பேர் தகவல் பகிர்வாம்!

இப்ப உங்க பங்கு. டேபிள்ல -999 இருக்கா பாருங்க. அது அன்னைக்கு ரீடிங் இல்லங்கறதுக்கான குறி, அளவு இல்ல. 30 நாள் 62ன்னு இருந்து ஒரே ஒரு நாள் -999ஐ அப்படியே விட்டுட்டீங்கன்னா மாச சராசரி 28க்கு வந்துடும், ஆறு ஒரே மாசத்துல சுத்தமாயிடும். அடுத்தது பிடிஎல் (BDL)னு போட்டிருக்கறது. மெஷினால கண்டுபிடிக்க முடியற அளவுக்கு கீழன்னு அர்த்தம், பூஜ்யம்னு இல்ல. அதை பூஜ்யமா மாத்தி வச்சீங்கன்னா, லேப்ல நல்ல மெஷின் வந்த வருஷம் திடீர்னு எல்லா ஸ்டேஷன்லயும் நம்பர் முளைக்கும், "மாசு ஏறிடுச்சு"ன்னு மேல ஒரு ஃபைல் போகும், ஏறினது மெஷினோட தரம்தான். அதனாலதான் திரும்பத் திரும்ப சொல்றேன், இடம், தேதி, அலகு, அளந்த முறை, இந்த நாலும் ஒட்டாத நம்பரை தொடாதீங்க.

கே: தகவல் கேட்டா எதுக்குன்னு காரணம் சொல்லணுமா?

உங்க நாட்டு சட்டத்தை பாருங்க. சுற்றுச்சூழல் தகவலை மக்களுக்கு குடுக்கறது பத்தின 1998 ஆர்ஹஸ் உடன்படிக்கைல சேந்த நாடுகள்ல காரணம் சொல்ல வேண்டாம், ஒரு மாசத்துக்குள்ள பதில் வரணும், பெரிய விஷயம்னா ரெண்டு மாசம். ஆனா உங்க மனுவுல "சுற்றுச்சூழல் பத்தின எல்லா தகவலும்"னு எழுதிருக்கீங்களே, அதுக்கு எந்த அதிகாரி என்ன பதில் போடுவார்? எந்த ஸ்டேஷன், எந்த வருஷம், எந்த அளவுன்னு கேளுங்க.

கே: தொழிற்சாலை தன் நச்சுக் கணக்கை தானே எழுதிக் குடுத்தா அதுல என்ன பிரயோஜனம்?

நியாயமான சந்தேகம்தான். 1984 போபால் விஷவாயு விபத்துக்கு அப்புறம் 1986ல அமெரிக்கா சட்டம் போட்டு ஆரம்பிச்ச பட்டியல் அது, நிறைய நம்பர் அளந்ததே இல்ல, மதிப்பிட்டதுதான். இருந்தாலும் ஒரே ஆலை வருஷா வருஷம் என்ன சொல்லுதுன்னு வரிசையா வச்சுப் பாத்தா எங்க போய் நோண்டணும்னு தெரிஞ்சுடும். டன் கணக்கை மட்டும் வச்சு ஆபத்தை எடை போடாதீங்க, அது வேற இது வேற.

கே: காட்டுப் பரப்பு குறையலன்னு அறிக்கை சொல்லுது, நேர்ல போனா ரப்பர் தோட்டமாத்தான் இருக்கு.

எஃப்ஏஓ, அதாவது ஐ.நா.வோட உணவு, விவசாய அமைப்பு, அதோட கணக்குல அரை ஹெக்டேருக்கு மேல நிலம், 5 மீட்டர் வளரக்கூடிய மரம், 10 சதவீதத்துக்கு மேல விதானம் (மேல இருந்து பாத்தா மர உச்சி மூடற பரப்பு), இருந்தா காடு. ரப்பர் உள்ள, எண்ணெய்ப் பனை வெளிய. மொத்தமா வெட்டிப் போட்ட இடம்கூட திரும்ப மரம் வளர விடப் போறாங்கன்னா காடுதான். அறிக்கைய முதல் பக்கத்துல இருந்து படிக்காதீங்க, வரையறை இருக்கற பக்கத்துல இருந்து படிங்க.

கே: அமைச்சருக்கு 200 பக்க சூழல் அறிக்கை தயார் பண்றோம். எப்படி சுருக்கறது?

ஒரு பக்கம். பத்து வருஷப் போக்கு ஒரு கோடா, ஒரு மேப், எந்த முடிவை எப்போக்குள்ள எடுக்கணும். மிச்ச 199ஐ அப்படியே பப்ளிக்கா போட்டுடுங்க, எக்செல்லோட.

கே: வீட்டு சென்சார் 180 காட்டுது. ஆபத்தா?

180 என்ன?