கூடைப்பந்தில் கோல்டெண்டிங், டங்க்: கேளுங்கள், நடுவர் சொல்கிறேன்

கே: சார், எதிரணியின் ஷாட் ரிங்கில் பட்டு எழும்பியது. ரிங்குக்கு நேர் மேலே இருக்கும்போதே தட்டிவிட்டேன். அவர்களுக்கு 2 பாயின்ட். நியாயமா?

ப: எந்த விதிப்படி ஆடினீர்கள்? அதைச் சொல்லாமல் கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். ஃபிபா (சர்வதேச கூடைப்பந்து சம்மேளனம்) என்றால் நடுவர் செய்தது தவறு. ஷாட் இறங்கும்போது, முழுப் பந்தும் ரிங் மட்டத்துக்கு மேலே இருக்கையில் தொட்டால் அந்தத் தவறுக்குப் பெயர்தான் கோல்டெண்டிங். ரிங்குக்குப் பின்னாலுள்ள போர்டில் பட்ட பந்துக்கும் அதே கதிதான். ஆனால் ரிங்கில் பட்டுவிட்டால் பந்தை யாரும் தட்டலாம். என்பிஏவில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) ரிங்குக்கு மேலே ஒரு கற்பனை உருளை உண்டு. பந்து அதற்குள் இருக்கும்வரை கை வைக்கக்கூடாது.

கே: பந்து ரிங்கில் உருளும்போது நெட்டைத் தொட்டால்?

ப: தப்பு. நெட்டும் கூடையின் பகுதிதான். ஃபிபாவில் பந்தைத் தட்டலாம். கூடையையும் போர்டையும் தொடக்கூடாது.

கே: டங்க் (எம்பி, கையாலேயே பந்தை ரிங்குக்குள் திணிப்பது) போடுபவர் கையிலுள்ள பந்தைத் தடுக்கலாமா?

ப: தாராளமாக. ஆனால் பந்தின் துளிப் பகுதி கூடைக்குள் ரிங் மட்டத்துக்குக் கீழே போனாலும் அது 'கூடைக்குள்' இருக்கும் பந்து. அப்புறம் தொட்டால் பாயின்ட் அவர்களுக்குப் போய்விடும். டங்க் போடுபவர்களே, விரல் மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். ரிங்கில் மாட்டினால் விரலின் தோலே உரிந்துவிடும்.

கே: டிவியில் உருளைக்குள் தொட்டதற்கு விசில் அடித்தார்களே?

ப: என்பிஏ. முதல் பதிலைப் பாருங்கள்.

கே: ரிங்கில் பட்டால் தட்டலாம் என்றீர்கள். நேரம் முடிந்து மணி அடித்தபோது ஷாட் காற்றில் இருந்தது. ரிங்கில் பட்டு எழும்பியதும் தட்டினேன். பாயின்ட் கொடுத்துவிட்டார்களே?

ப: ஃபிபாவிலும் அது சரிதான். மணி அடித்த பிறகு ரீபவுண்டுக்கு (விழாமல் எழும்பிய பந்தைப் பிடிப்பதற்கு) ஆட்டமே இல்லை. அந்த ஷாட் விழுமா, விழாதா என்பது மட்டும்தான் பாக்கி. விழ வாய்ப்பிருக்கும்வரை யாரும் தொடக்கூடாது.

கே (வேறொருவர்): அப்போ ஷூட் செய்த அணிக்காரரே தட்டி உள்ளே போட்டால்? ஷாட் மணிக்கு முன்பே கிளம்பியதுதானே!

ப: கிளம்பியது அந்த ஷாட். இவர் தட்டியது மணிக்குப் பிறகு. பாயின்ட் கிடையாது.

கே (அதே நபர்): பந்து தானாகவே விழுந்திருக்குமே?

ப: தானாக விழுந்திருந்தால் கொடுத்திருப்பார்கள். அவர்தான் விழ விடவில்லையே!

கே: ஆலி-ஊப் (சக வீரர் வீசிய பந்தைக் காற்றிலேயே பிடித்துக் கூடைக்குள் போடுவது) கோல்டெண்டிங் ஆகாதா?

ப: சக வீரர் வீசியது பாஸ், ஷாட் இல்லை.

கே: டங்க் போட்டுத் தொங்கினால்?

ப: டங்கின் வேகத்தில் ஒரு நொடி பிடிக்கலாம். கீழே யாராவது நின்றால், காயத்தைத் தவிர்க்கவும் பிடிக்கலாம். ஊஞ்சலாடினால் டெக்னிக்கல் ஃபவுல் (எதிராளி மேல் மோதாமலே செய்யும் தவறு). மோதிரம், மறுபடி சொல்கிறேன்.

கே: உருளை என்றால்...

ப: முதல் பதில்!

கே: கடைசி ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தனி ஷாட்) தடுப்பவர் கோல்டெண்டிங் செய்தால்?

ப: நல்ல கேள்வி, அபூர்வம். ஃபிபாவில் 1 பாயின்ட் கொடுத்து, தொட்டவர் மேல் டெக்னிக்கல் ஃபவுலும் போடுவோம்.