பெங்களூரில் வானத்திலிருந்து படியும் டிடிடி (DDT பூச்சிக்கொல்லி), பிசிபி (மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட குளோரின் சேர்மங்கள்) அளவை மொட்டை மாடியில் அளக்க நுரைத்தட்டு மட்டும் போதுமா?

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பகுதியில் உங்கள் கல்லூரி மாடியில் பியுஎஃப் (பாலியூரித்தேன்) நுரைத்தட்டைத் தொங்கவிட்டு ஒரு வருடப் படிவைக் கணக்கிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. இரண்டு எஃகுக் கிண்ணங்களுக்கு நடுவே இருக்கும் அந்த 14 செ.மீ. தட்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கனமீட்டர் காற்றில் இருக்கும் ஆவியைத்தான் முக்கியமாகப் பிடிக்கிறது. காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் தெரியும், தரையில் எவ்வளவு விழுகிறது என்பது தெரியாது. அதற்குப் புனல் வேண்டும்.

புனல் எஃகு அல்லது கண்ணாடியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், இந்தச் சேர்மங்கள் தண்ணீரை விட்டுவிட்டு அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 30 செ.மீ. வாய் என்றால் பரப்பு 0.0707 சதுர மீட்டர், 100 மி.மீ. மழைக்கு 7 லிட்டர் சேரும். செப்டம்பரில் 5 லிட்டர் பாட்டில் நிரம்பி வழிந்து மாதிரி போய்விடும். அதனால் புனலுக்குக் கீழே எக்ஸ்ஏடி-2 ரெசின் (இத்தகைய சேர்மங்களை ஈர்த்துப் பிடிக்கும் பிசின் மணிகள்) நிரப்பிய குழாய் வையுங்கள், தண்ணீர் வெளியேறும், சேர்மம் தங்கும். மேலே கண்ணாடிப் பஞ்சு அடைப்பு அவசியம். கட்டட வேலைத் தூசி அதை அடைத்துவிட்டால் தண்ணீர் புனலிலேயே தேங்கி, லேசான சேர்மங்கள் ஆவியாகிப் போகும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் போய்ப் பாருங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை பெரும்பாலும் கிடையாது. அப்போது மாதிரியின் பெரும்பகுதி புனல் சுவரில்தான் இருக்கும். மாதக் கடைசியில் அசிட்டோனில் நனைத்த, முன்பே சுத்தம் செய்த பஞ்சால் துடைத்து, அதையும் சேர்த்தே பிரித்தெடுங்கள். பலர் விடுவது இதைத்தான், மழையில்லா மாத எண்கள் குறைந்து தெரிவதும் இதனால்தான்.

புனல் வாய் மாடித் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ஜெனரேட்டர் புகைக்குழாய், தார் பூசிய தரை, கேன்டீன் புகை எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

பிளாங்க் (மாதிரி எதுவும் சேராத ஒப்பீட்டுக் குழாய்) இல்லாத முடிவை நான் நம்ப மாட்டேன். அதேபோன்ற இன்னொரு குழாயை மாதாமாதம் மாடிக்குக் கொண்டுபோய், திறந்து மூடி, மற்றதைப் போலவே பகுப்பாய்வு செய்ய வேண்டும். பிளாங்க்குகளின் சராசரியோடு திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் வருவதுதான் கண்டறியும் எல்லை. அதற்குக் கீழே உள்ள எண்ணை எழுதாதீர்கள். கண்ணாடிப் பஞ்சையும் கண்ணாடிப் பாத்திரங்களையும் (அளவு குறித்த குடுவைகள் தவிர) 450 டிகிரி செல்சியஸில் சுட்டெடுங்கள்.

சேர்மங்களைப் பிரித்து அளக்கும் ஜிசி (வாயு நிறப்பகுப்பு) கருவியில் ஒரு கண்ணி இருக்கிறது. மாதிரியைச் செலுத்தும் ஊசித் துறையின் லைனர் (உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய்) அழுக்கானால் டிடிடி (DDT) அங்கேயே உடைந்து DDE, DDD என்ற சேர்மங்களாக மாறும்; டிடிடி சூழலில் நாள்பட்டுச் சிதைந்தாலும் வருபவை இவைதான். 'இது பழைய டிடிடி' என்று தவறாக முடிவெடுப்பீர்கள். தினமும் முதலில் சுத்தமான டிடிடி கரைசலைச் செலுத்துங்கள், உடைவு 15 சதவீதத்தைத் தாண்டினால் லைனரை மாற்றுங்கள்.

கணக்கு எளிது. பிளாங்க் கழித்தபின் 30 நாளில் 85 நானோகிராம் என்றால், 85-ஐ 0.0707 × 30 ஆல் வகுக்க வேண்டும்: சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 நானோகிராம். பக்கத்திலேயே மழைமானி வைத்து அந்த மாத மழையையும் எழுதுங்கள்.

டயாக்சினை (எரிப்பில் உருவாகும் நச்சுக் குளோரின் சேர்மம்) இதில் சேர்க்காதீர்கள். அதற்கு உயர்பிரிதிறன் நிறை நிறமாலைமானி வேண்டும். திருவனந்தபுரத்தில் உள்ள சிஎஸ்ஐஆர்-என்ஐஐஎஸ்டி (NIIST) போன்ற ஆய்வகத்தோடு பேசிவிட்டுத்தான் மாதிரியே எடுக்க வேண்டும்.